இப்ப வர்ற படங்க தரம் கொறைஞ்சு போச்சா? டெல்டா ஆளுங்க மனசுல பட்டத சொல்லுங்க

மன்னை ரசிகன்

எங்க போனாலும் இதே பேச்சுதான், டீக்கடைல, கல்யாண வீட்டுப் பந்தில, கும்பகோணம் பஸ்ல பக்கத்து சீட்டுல, "இப்பல்லாம் எவன்யா படம் எடுக்குறான், அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா"ன்னு ஆரம்பிச்சுடுறாங்க. நானும் இதப் பத்தி ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன், ஏன்னா நம்ம ஊருப் பக்கத்து ஆளுங்க எத்தன பேரு இந்த சினிமாவ தூக்கி நிறுத்திருக்காங்க, பாகவதர் மாயவரம், பாலசந்தர் நன்னிலம் பக்கம், கலைஞர் திருக்குவளை, பாட்டு எழுதுன கல்யாணசுந்தரம் பட்டுக்கோட்டை, வாலி ஸ்ரீரங்கம், அப்பறம் டி.ராஜேந்தரும் மாயவரம்தான். இந்த மண்ணுல உக்காந்துக்கிட்டு சினிமா செத்துப்போச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

என் கருத்த நேராவே சொல்லிடுறேன். நல்ல படம் வந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா ஒரு படத்துக்குக் கெடைக்கிற நேரம் போயிருச்சு. எழுதுறதுக்கும் நேரம் இல்ல ஓடுறதுக்கும் நேரம் இல்ல, இந்த ரெண்டையும் புடுங்கிட்டு அப்பறம் தரம் எங்கன்னு கேட்டா எப்புடி.

பாகவதரோட ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல போட்டாங்க, மூணு தீபாவளி பாத்துச்சு அந்தப் படம். இப்ப நம்ம தஞ்சாவூர் ஸ்கூல்ல நடக்குற கதை, 96, அது 2018 அக்டோபர் 4ந்தேதி ரிலீஸ். தியேட்டர்ல நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே நவம்பர் 6ந்தேதி தீபாவளிக்கு டிவில போட்டுட்டாங்க. அதுல நடிச்ச த்ரிஷாவே வேண்டாம், பொங்கலுக்குப் போடுங்கன்னு வெளிப்படையா கேட்டாங்க, கேக்கல. அதுவும் ஜனங்க கொண்டாடின படம், அதுக்கே ஒரு மாசம்தான். ஓடாத படத்துக்கு என்ன கெடைக்கும்னு நெனச்சுப் பாருங்க.

பெரியவங்க, சின்னவங்க, தியேட்டர்ல வேல பாத்தவங்க இருந்தாலும் எழுதுங்க.

குடந்தை 77

தம்பி, நீங்க சொல்றது பாதி சரி. மீதிக்கு நான் வர்றேன்.

நான் கும்பகோணத்துல காலேஜ் படிக்கும்போது 1977ல 16 வயதினிலே வருது, 1978ல முள்ளும் மலரும், 1979ல உதிரிப்பூக்கள். மூணே வருஷம். வருஷத்துக்கு ஒண்ணுதான் சொல்லிருக்கேன், இன்னும் சொல்லிக்கிட்டே போகலாம். அதுவும் 16 வயதினிலேய வாங்க ஆளில்லாம தயாரிப்பாளரே சொந்தமா ரிலீஸ் பண்ணாரு, அப்பறம் ஊரே திரண்டு போயி பாத்துச்சு. இப்ப ஏதாவது மூணு வருஷத்த எடுத்து எனக்கு இந்த மாதிரி மூணு படம் காட்டுங்க. நாப்பது வருஷம் கழிச்சும் ஒரு சீன சொன்னா அந்த ஊரு, அந்த வெளிச்சம், அந்த ஆளோட மூஞ்சி ஞாபகம் வரணும்.

இப்ப என்ன நடக்குது? ஹீரோ ஒரு கதவத் தொறந்துக்கிட்டு வர்றதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகுது, ஸ்லோ மோஷன், பின்னாடி வெடி, அதுக்கு மேல ஒரு பாட்டு. அப்பறம் துப்பாக்கி. நம்ம ஊருல எவன்ட்டங்க மிஷின் கன் இருக்கு? இன்டர்வெல்லுக்குள்ள நூறு பேரு செத்துட்றான், அதுல ஒருத்தன் பேருகூட நமக்குத் தெரியாது. உதிரிப்பூக்கள்ல கடைசில அந்த ஒரு ஆளு ஆத்துல எறங்குறதுக்கு ஊரே நின்னு பாக்குது பாருங்க, ஒரு சத்தம் இல்ல, தியேட்டர்ல ஒருத்தரும் மூச்சு விடல. ஒரே ஒரு சாவு. அதுக்கு அவ்வளவு கனம் இருந்துச்சு.

இன்னொண்ணு, சத்தம். வசனம் காதுலயே விழ மாட்டேங்குது. பின்னணி இசைய ஏத்தி வச்சுடுறாங்க, நம்ம ஊரு தியேட்டர் ஸ்பீக்கருக்கு அது தாங்க மாட்டேங்குது, வீட்டுக்கு வந்து சப்டைட்டில் போட்டு தமிழ்ப் படத்த தமிழன் படிக்கிற நெலமைக்கு வந்துட்டோம்.

காவேரிப்பொண்ணு

குடந்தை சார், நீங்க சொன்ன மூணு படமும் எனக்கும் உசுரு. ஆனா அந்த வருஷங்கள்ல வந்த மத்த படங்களையும் பாத்திருக்கீங்கல்ல, அதப் பத்தி ஏன் யாரும் பேசவே மாட்டேங்குறீங்க?

எங்க வீட்டுல மத்தியானம் டிவில பழைய படம் ஓடிக்கிட்டே இருக்கும், அம்மாவும் பெரியம்மாவும் பாப்பாங்க, நானும் கூட உக்காந்து வளந்தவதான். படிச்ச பொண்ணுன்னா திமிரு புடிச்சவ, அவள ஹீரோ ஒரு அறை அறைஞ்சா மறுநாளு பொடவ கட்டிக்கிட்டு காபி கொண்டாந்து கொடுப்பா. கெடுத்தவனுக்கே கட்டி வைக்கிறதுதான் நியாயம்னு பஞ்சாயத்து சொல்லும், அதுக்கு ஊரு கை தட்டும். பின்னாடியே போயி தொந்தரவு பண்றதுக்குப் பேரு காதல். கருப்பா குண்டா ஒரு அம்மா வந்தா அவங்களுக்கு காமெடில அடி வாங்குறதத் தவிர வேற வேலையே கெடையாது. இதெல்லாம் ஒண்ணு ரெண்டு படத்துல இல்ல சார், வரிசையா வந்துச்சு. இதையும் தரக் கணக்குல சேக்கணும்னு நான் சொல்றேன்.

அதே நேரத்துல நம்ம நன்னிலத்துக்காரர் பாலசந்தர் 1974லயே அவள் ஒரு தொடர்கதைன்னு வேலைக்குப் போயி குடும்பத்த சுமக்குற பொண்ண வச்சு ஒரு முழுப் படம் எடுத்தாரு, அதையும் நான் மறக்கல. ஆனா அவரு ஒருத்தரு. 2018ல பரியேறும் பெருமாள் வந்துச்சு, சட்டக் கல்லூரில படிக்க வர்ற ஒரு பையன என்ன பாடு படுத்துறாங்கன்னு, அந்தப் பையனோட கண்ணுலேருந்து சொன்ன படம். அந்தக் கதைய அந்தக் காலத்துல யாரு எடுக்க விட்டுருப்பா? எங்க ஊருலயே அந்தப் படத்தப் பாத்துட்டு ரெண்டு நாளு பேசாம இருந்தவங்கள எனக்குத் தெரியும். அதனால அப்ப எல்லாம் ஒசத்தி இப்ப எல்லாம் மட்டம்னு சொன்னா எனக்கு கோவம்தான் வருது.

ரீல் பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். நான் தியேட்டர் ஆபரேட்டரா இருந்தவன். கொரடாச்சேரி பக்கத்துல டூரிங் கொட்டகைல ரீல் சுத்துற பையனா சேந்து அப்பறம் திருவாரூர், கும்பகோணம்னு நெறைய எடத்துல மிஷின் ஓட்டிருக்கேன். பேத்திதான் டைப் அடிச்சு குடுக்குது.

இந்த விஷயத்துல ஒண்ணு சொல்லணும், இத யாரும் கவனிக்கிறதே இல்ல. அந்தக் காலத்துப் படம் எல்லாமே நல்லா இருந்துச்சுன்னு கிராமத்துப் பெரியவங்க சொல்றாங்க இல்லையா, அவங்க பொய் சொல்லல, அவங்க பாத்தது அப்புடித்தான். ஏன்னா படம் எங்க கொட்டகைக்கு வந்து சேர்ற வழி அந்த மாதிரி. மொதல்ல மெட்ராஸ், திருச்சி, தஞ்சாவூர், அத ஏ சென்டர்ம்பாங்க. அங்க ஓடி முடிச்சு கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி மாதிரி டவுன். அப்பறம் மாசக்கணக்கா கழிச்சு, சில படம் வருஷம் கழிச்சு, சி சென்டர்னு சொல்ற எங்க கொட்டகைக்குப் பெட்டி வரும். டிடி ஏரியான்னு சொல்லுவாங்க, திருச்சி தஞ்சாவூர் விநியோக ஏரியா, அதுக்கு இருக்குற பிரிண்டே கொஞ்சம்தான். ஓடாத படத்துக்கு பெட்டி அங்கயே நின்னுடும், எந்த கொட்டகைக்காரரு காசு குடுத்து எடுப்பாரு? களத்துல தூத்தி விட்டா பதரு பறந்து நெல்லு மட்டும் நிக்கிற மாதிரி, ஓடுன படம் மட்டும்தான் எங்க திரைக்கு வந்துச்சு. எங்க ஜனங்க அந்த நெல்ல மட்டும் பாத்துட்டு அந்த வருஷம் வந்த படமெல்லாம் அதுதான்னு நெனச்சுட்டாங்க.

இப்ப தமிழ்ல மட்டும் வருஷத்துக்கு 200 படத்துக்கு மேல வருது. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல போடுறது அன்னைக்கே நீடாமங்கலத்துல இருக்குறவங்களுக்கும் தெரியுது, ஒரு மாசத்துல போன்லயே வந்துடுது, நல்லது கெட்டது எல்லாம் ஒண்ணா மொத்தமா கண்ணு முன்னாடி கொட்டுது. அப்ப தரம் கொறைஞ்ச மாதிரிதான் தெரியும்.

பழைய மிஷின் பத்தியும் சொல்றேன், கேக்க ஆளு இருந்தா சொல்லணும்னு தோணுது. திரைக்கு வெளிச்சம் குடுக்குறது ரெண்டு கார்பன் குச்சி, கிட்டக் கொண்டாந்தா வெள்ளையா எரியும், எரிய எரிய கொறைஞ்சுக்கிட்டே வரும், ஆபரேட்டரு அத தள்ளிக்கிட்டே இருக்கணும், செத்த நேரம் அசந்தா திரை மங்கிடும், கீழேருந்து விசில். 1000 அடி ரீலு 11 நிமிஷம் ஓடும். ரெண்டரை மணி நேரப் படம்னா 13,500 அடி, 14 ரீலு. டூரிங் கொட்டகைல ஒரே மிஷின்தான், மூணு நாலு ரீல ஒண்ணா சேத்து ஓட்டுவோம், அதனால படத்துக்கு நடுவுல மூணு நாலு தடவ வெளக்கு போட்டு ரீல் மாத்துவோம், ஜனங்க எழுந்து போயி முறுக்கு வாங்கிட்டு வந்து அதுவரைக்கும் நடந்தத பேசுவாங்க. சில நேரம் ஒரே பிரிண்ட் ரெண்டு தியேட்டருக்கு, இங்க ஓடி முடிச்ச ரீல சைக்கிள்ல வச்சு அடுத்த தியேட்டருக்கு ஓட்டுவான் பையன், ரயில்வே கேட்டு போட்டுட்டாங்கன்னா அங்க திரைல ஸ்லைடு போட்டு சமாளிப்பாங்க. பிரிண்ட் தேஞ்சு போயி திரை பூரா மழை பெய்யும். அதுலயும் ஜனங்க கண்ண எடுக்காம பாத்தாங்க. அறுப்பு முடிஞ்சு கையில காசு இருக்குற தை மாசிலதான் கூட்டம் சரியா நிக்கும், ஐப்பசி கார்த்திகை மழைல தரை டிக்கெட் பூரா சேறு.

திருத்துறைப்பூண்டி தோழர்

நான் இப்ப மஸ்கட்ல இருக்கேன். ரீல் பெட்டி ஐயா எழுதுனத ரூம்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன்.

ஒரு விஷயம் தோழர்களே. 2024 பிப்ரவரில மஞ்ஞும்மல் பாய்ஸ்னு மலையாளப் படம் வந்துச்சு, கொடைக்கானல் குகைல நண்பன் விழுந்துட்டான், அவன எப்புடி தூக்குறாங்கங்குறதுதான் மொத்தக் கதை. மலையாளத்துலயே தமிழ்நாடு பூரா ஓடுச்சு, கோடிக்கணக்குல வசூல். ஜனங்களுக்கு பொறுமை இல்ல, ரசனை போச்சுன்னு சொல்றது தப்பு. உண்மையா ஒரு கதைய உக்காந்து சொன்னா பாஷை புரியலன்னாலும் பாக்குறாங்க. எழுத்துதான் பிரச்சன.

திருவையாறு வாத்தியார்

எழுத்துன்னு சொன்னதால வந்தேன். மன்னை தம்பி எழுத நேரம் இல்லங்குறாரே, அதுக்கு சரியான கதை நம்ம ஜில்லாவுலயே இருக்கு.

ரத்தக்கண்ணீர் 1954ல படமா வந்துச்சு. அது திருவாரூர் கே. தங்கராசு எழுதுன நாடகம். எம்.ஆர்.ராதா அத ஊரு ஊரா வருஷக்கணக்குல மேடைல போட்டுட்டுதான் படத்துக்கே வந்தாரு. எந்த வரிக்கு சிரிப்பு வருது, எந்த எடத்துல சனம் அமைதியாகுது, எங்க கொட்டாவி விடுது, இதெல்லாம் ராத்திரி ராத்திரி ஜனங்ககிட்டயே பாத்து பாத்து திருத்தி திருத்தி வந்த எழுத்து அது. பராசக்தியும் மேடைல ஓடுன நாடகம்தான், அப்பறம் கலைஞர் திரைக்கதை வசனம் எழுதி 1952ல படமாச்சு. பாலசந்தர எடுத்துக்குங்க, மெட்ராஸ்ல ஏஜி ஆபீஸ்ல, அதாவது அரசாங்கக் கணக்கு ஆபீஸ்ல, வேல பாத்துக்கிட்டே நாடகம் போட்டவரு. சர்வர் சுந்தரம், நீர்க்குமிழி, மேஜர் சந்திரகாந்த், எதிர்நீச்சல், இது அத்தனையும் மொதல்ல மேடை, அப்பறம்தான் திரை. நாகேஷு சர்வர் சுந்தரத்த மேடைல எத்தன தடவ நடிச்சிருப்பாரு, 1964ல கேமரா முன்னாடி வந்து நிக்கும்போது அந்த ஆளு அவருக்குள்ள ஊறிப் போயிட்டான்.

நடிகருங்களும் அந்த மாதிரி. எம்ஜிஆர் கும்பகோணத்துல ஆனையடி பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு சின்ன வயசுலயே பாய்ஸ் கம்பெனிக்குப் போனவரு, சிவாஜியும் நாடகக் கம்பெனில வளந்தவரு. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி மாதிரி எடத்துல பையனுங்களுக்கு சோறு போட்டு பாட்டு, வசனம், நடை, கத்திச் சண்டை எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. கண்டிப்பும் அடியும் இருந்துச்சு, அத நான் நல்லதுன்னு சொல்ல வரல, ஆனா ஒரு பயிற்சி இருந்துச்சு.

தில்லானா மோகனாம்பாள் 1968. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடன்ல தொடரா எழுதுனது, வாரா வாரம் ஜனங்க படிச்சு லெட்டர் போட்டு பேசி தீத்த கதை. சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள்னு பேருலயே நம்ம ஊரு இருக்கு. நாதஸ்வரம் வாசிச்சது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள், அவங்க வாசிப்புக்கு சிவாஜி வெரல் அசைக்கிறதப் பாத்துட்டு நாதஸ்வரக்காரங்களே அசந்து போனாங்க. அதுல ஒரு ரயில் பெட்டி காட்சி வரும், தவில்காரரு, மோகனாம்பாளோட அம்மா, ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி ஆசை, ஒரு தனி பயம். இப்ப ஹீரோ பக்கத்துல நிக்கிற ஆளுக்கு ஒரு ஊரு, ஒரு தொழில், ஒரு அம்மா இருக்காங்களான்னு படம் முடிஞ்சும் தெரிய மாட்டேங்குது. எனக்கு பெரிய வருத்தம் இதுதான்.

பாபநாசம் உதவி

வாத்தியாரய்யா, வணக்கம். நான் சென்னைல உதவி இயக்குநரா இருக்கேன். உள்ளேருந்து சொல்றேன், பேரு ஊரு கம்பெனி எதுவும் சொல்ல முடியாது, மன்னிச்சுக்குங்க.

நீங்க சொன்னதுல ஒண்ணு சேக்கணும். அப்ப கதை ஒருத்தரு, வசனம் ஒருத்தரு, இயக்கம் ஒருத்தரு. 1961ல பாசமலர் கதை கொட்டாரக்கரா, வசனம் நம்ம திருவாரூர் ஆரூர்தாஸ், டைரக்‌ஷன் பீம்சிங். மூணு மூளை ஒரே கதைய மூணு பக்கத்துலேருந்து பாக்கும். எண்பதுகளுக்கு அப்பறம் கதை திரைக்கதை வசனம் இயக்கம்னு ஒரே பேரு போட்டாதான் மரியாதைன்னு ஆயிடுச்சு. பாக்யராஜ் மாதிரி எழுத்தே தொழிலா இருந்தவங்களுக்கு அது சரி, எல்லாருக்கும் அந்தக் கை வராது. எழுதுறவனுக்கு தனியா சம்பளம் குடுக்குற பழக்கமே போயிருச்சு, நாங்க லாட்ஜ் ரூம்ல மாசக்கணக்குல கதை டிஸ்கஷன் பண்ணுவோம், சாப்பாட்டுக் காசுதான் மிச்சம்.

இப்ப ஒரு பெரிய படம் எப்புடி ஆரம்பிக்குதுன்னு சொல்றேன். மொதல்ல ஹீரோ கால்ஷீட். அந்தப் பேர வச்சு ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ, இந்தி டப்பிங்னு பேசி ஒரு கணக்கு வருது. அந்தக் கணக்குல ரிலீஸ் தேதி வருது. அந்தத் தேதிக்கு முன்னாடி ஷூட்டிங் முடிக்கணும்னு வருது. எல்லாம் வந்த பெறகு கதைல இந்த எடம் இடிக்குதேன்னு யாராவது கேட்டா, சார் அத எடிட்ல பாத்துக்கலாம். எடிட்டுக்கு வந்தா ரிலீஸுக்கு ரெண்டு நாளுதான் இருக்கும். ஸ்க்ரிப்ட்ட திரும்ப எழுதுறதுக்குன்னு அந்த மொத்த வரிசைல ஒரு எடம்கூட இல்ல. இதான் என் கண்ணு முன்னாடி நடக்குது, மனசு ரொம்ப வலிக்குது.

பிலிம் இருந்த காலத்துல 400 அடி ரோல் கேமராவுல போட்டா நாலரை நிமிஷம்கூட ஓடாது. ஒவ்வொரு அடியும் காசு. அதனால ஒத்திகை பாத்துட்டுதான் கேமராவ ஓட விடுவாங்கன்னு சீனியருங்க சொல்லுவாங்க. டிஜிட்டல் வந்து எங்கள மாதிரி காசில்லாதவனுக்கு கதவு தொறந்து விட்டுச்சு, அது பெரிய நல்லது, கூழாங்கல் மாதிரி ஒரு சின்னப் படம் 2021ல ராட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கிச்சுன்னா அதுக்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். ஆனா பெரிய செட்ல, மெமரி கார்டுதானே ஓடட்டும்னு மூணு கேமராவ வச்சுக்கிட்டு எடுத்துத் தள்ளுறாங்க, என்ன வேணும்னே முடிவு பண்ணாம.

குடந்தை 77

பாபநாசம் தம்பி எழுதுனத படிச்சு கஷ்டமா போச்சு. இத்தன வருஷமா நான் திட்டுனதெல்லாம் இந்தப் புள்ளைங்க காதுலதான் விழுந்திருக்கும்.

ஆனா ஆடியன்ஸ் பக்கமும் ஒண்ணு சொல்லணும். குடும்பத்தோட நாலு பேரு படத்துக்குப் போனா டிக்கெட், ஜிஎஸ்டி, ஆன்லைன் புக்கிங் சார்ஜ், பார்க்கிங், பாப்கார்ன்னு ஒரு தொகை ஆகுது, விவசாயக் கூலி வேலைக்குப் போறவங்களுக்கு அது பல நாள் சம்பளம். அவ்வளவு குடுத்துட்டு ஒரு சாதாரண நல்ல படத்தப் பாக்க மனசு வராது, பெருசா ஏதாவது வேணும்னுதான் தோணும். அதனாலதான் பட்ஜெட்டும் சத்தமும் ரத்தமும் ஏறிக்கிட்டே போகுது. தரை டிக்கெட்டுல ஒரு படம் சுமாரா இருந்தாக்கூட போவட்டும்னு எழுந்து வருவோம். டவுன்ல சின்ன தியேட்டர் எத்தனையோ கல்யாண மண்டபமா ஆயிடுச்சு, அந்த விலைக்கு படம் காட்ட எடமே இல்ல இப்ப.

பாட்டு பத்தி யாரும் பேசல. பட்டுக்கோட்டையார் 1959ல போயிட்டாரு, 29 வயசுதான். நடவு நட்ட பொம்பளைங்களுக்கும் வரி மனப்பாடம், மேடைல பேசுறவருக்கும் அதே வரிதான். இப்ப பாட்டோட மொத ரெண்டு வரி ரீல்ஸ்க்கு, மத்தது எதுக்குன்னே தெரியல.

காவேரிப்பொண்ணு

குடந்தை சார், டிக்கெட் விலை விஷயம் நூத்துக்கு நூறு சரி. எங்கம்மா தியேட்டருக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, கேட்டா அந்தக் காசுக்கு ஒரு வாரத்துக்கு மளிகை வாங்கலாம்ங்குறாங்க.

ஆனா நம்பிக்கைக்கும் எடம் இருக்கு. 2024ல லப்பர் பந்து வந்துச்சு, ஊரு கிரிக்கெட், மாமனாரு மருமகன் வீம்பு, அதுக்குள்ளயே சாதியும் வருது, வீட்டுப் பொம்பளைங்களும் தனித்தனி ஆளா நிக்கிறாங்க. வாத்தியாரய்யா கேட்டாரே பக்கத்துல நிக்கிற ஆளுக்கு ஒரு ஊரு ஒரு தொழில்னு, அதுல இருக்கு ஐயா, கண்டிப்பா பாருங்க. 2025 மே 1ந்தேதி ரெட்ரோன்னு பெரிய நடிகர் படத்தோட அதே நாள்ல டூரிஸ்ட் ஃபேமிலின்னு புது டைரக்டர் படம் வந்துச்சு, இலங்கைலேருந்து கடல் தாண்டி வந்த ஒரு குடும்பம் மெட்ராஸ்ல ஒரு தெருவுல பொழைக்குற கதை. ஒருத்தர ஒருத்தரு சொல்லி சொல்லியே வாரக்கணக்குல ஓடுச்சு. வேதாரண்யம், நாகப்பட்டினக் கரைல பொறந்த நமக்கு அந்தக் கதை தூரத்துக் கதையே இல்ல.

மன்னை ரசிகன்

எல்லாரும் மனசு விட்டு எழுதிருக்கீங்க, படிக்க படிக்க இன்னும் பேசணும் போல இருக்கு. நான் ஆரம்பத்துல ஓடுறதுக்கு நேரம் இல்லன்னு சொன்னேனே, அத விட்டுடாம பேசணும்.

சேது. 1999 டிசம்பர். படம் முடிஞ்சும் வாங்க ஆளில்லாம கெடந்து, கடைசில மெட்ராஸ் ஓரத்துல ஒரு தியேட்டர்ல மத்தியானம் ஒரே ஒரு காட்சி கெடச்சுது. பாத்தவங்க வெளில வந்து சொன்னாங்க, கூட்டம் கூடுச்சு, தியேட்டர் கூடுச்சு, நூறு நாளுக்கு மேல ஓடுச்சு. அந்தப் படம் இன்னைக்கு வந்திருந்தா? மொத நாள் காலைல 9 மணி காட்சி, இன்டர்வெல்லுலயே ஒருத்தரு வெளில வந்து மைக் முன்னாடி மொக்கைன்னு சொல்லுவாரு, மத்தியானத்துக்குள்ள அது பத்தாயிரம் போனுக்குப் போயிருக்கும், திங்கக்கிழமை ஷோவ எடுத்துருப்பாங்க. 2024 நவம்பர்ல தயாரிப்பாளர் சங்கமே தியேட்டர் வாசல்ல யூடியூப்காரங்கள பேட்டி எடுக்க விடாதீங்கன்னு கேக்குற அளவுக்கு வந்துடுச்சு. அது சரியான வழின்னு எனக்குத் தோணல, காசு குடுத்துப் பாத்தவன் பேசக்கூடாதுன்னு சொல்ல யாருக்கும் உரிம இல்ல, ஆனா வலி எங்க இருக்குன்னு அது காட்டுது.

இப்ப நம்ம ஊருக் கதை. மெய்யழகன், 2024 செப்டம்பர் 27. தஞ்சாவூர்ல வீட்ட இழந்து ஊர விட்டுப் போன ஒருத்தரு பல வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வர்றாரு, பேரு தெரியாத ஒரு சொந்தக்காரரு ராத்திரி பூரா கூடவே இருக்காரு. அவ்வளவுதான் கதை. மூணு மணி நேரத்துக்கு செத்த கொறச்சலு. நீளம் ஜாஸ்தின்னு மொத ரெண்டு மூணு நாளுலயே பேச்சு வந்துச்சு, உடனே கிட்டத்தட்ட 18 நிமிஷத்த வெட்டுனாங்க. ராத்திரி திண்ணைல உக்காந்து பேசுற படத்துக்கு பேச்ச வெட்டுனா என்ன மிச்சம்? அப்பறம் ஓடிடில வந்த பெறகு வேற மாநிலத்துக்காரங்கள்லாம் பாத்து அழுதேன்னு எழுதுனாங்க. நம்ம வெண்ணாறும் நம்ம கல்யாண வீட்டுச் சத்தமும் நமக்கே அப்ப நீளமா தெரிஞ்சுதுங்குறத என்னால இன்னும் தாங்க முடியல.

ரீல் பெட்டி ஐயா, உங்ககிட்ட ஒரு கேள்வி. நீங்க சொன்ன அந்த முறைல பதரு மட்டும்தான் பறந்துச்சா? 1978ல அவள் அப்படித்தான் வந்துச்சு, ருத்ரய்யா எடுத்தது, இளையராஜா இசை, ரஜினி கமல் ஸ்ரீப்ரியா மூணு பேரும் இருக்காங்க. ஓடல. இன்னைக்கு தமிழோட நல்ல படம்னு பட்டியல் போட்டா அது இல்லாம யாரும் போட மாட்டாங்க. அது உங்க கொட்டகைக்கு வந்துச்சா?

ரீல் பெட்டி

தம்பி, வரல. அந்தப் படத்தோட பெட்டிய நான் தொட்டதே இல்ல. போஸ்டரு திருவாரூர்ல பாத்த ஞாபகம் இருக்கு. ரஜினி கமல் படம்னு சுத்துப்பட்டு ஜனங்க கேட்டாங்க, ஓனரு விநியோகஸ்தரு ஆபீஸுக்குப் போயிட்டு வந்து அது வேண்டாம் சண்டை இல்ல, காமெடி இல்ல, ஜனங்க நாற்காலிய உடைச்சுடுவாங்கன்னுட்டாரு. அதோட முடிஞ்சுது. வேற கொட்டகைல எங்கயாவது போட்டாங்களான்னு தெரியாது, எங்கள்ட்ட வரல. நீங்க கேட்டது நியாயமான கேள்வி. நல்ல நெல்லும் சேந்துதான் பறந்துருக்கு.

பேத்தி போன வருஷம் யூடியூப்புல போட்டுக் காட்டுச்சு. அந்தப் பொண்ணு பேசுற பேச்ச அன்னைக்கு எங்க கொட்டகைல போட்டுருந்தா தரை டிக்கெட்டுல உக்காந்திருந்த பொம்பளைங்க எத்தன பேருக்கு அது அவங்க பேச்சா இருந்துருக்கும். ஆம்பளைங்க பெஞ்ச தட்டி கத்தியிருப்பாங்க, அதுவும் நடந்துருக்கும். ஆனா பெஞ்சுல உக்காந்தவன் கத்துவான்னு பொம்பளைங்க பக்கம் படத்தையே காட்டாம விட்டோம்.

ஓடுற நேரத்தப் பத்தி கேட்டீங்க. எங்க தொழில்ல வெள்ளி சனி ஞாயிறு கூட்டத்த யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டோம், அது நடிகருக்கு வர்ற கூட்டம். திங்கக்கிழமை மேட்னிக்கு யாரு வர்றாங்கன்னு ரூம்லேருந்து ஓட்டை வழியா எட்டிப் பாப்பேன். பொம்பளைங்க புள்ளைங்கள தூக்கிக்கிட்டு வந்தா படம் நிக்கும், ஓனருகிட்ட இன்னொரு வாரம் வைங்கன்னு சொல்லுவேன், அவரும் வைப்பாரு. ஒருதலை ராகம் அந்த மாதிரி நின்ன படம், 1980, எல்லாம் புதுமுகம், மாயவரம் பக்கத்துல எடுத்தது, மாயவரத்துப் பையன் டி.ராஜேந்தர் பாட்டு. இப்ப எந்த தியேட்டர்ல எத்தன ஷோன்னு ஆபரேட்டரும் சொல்றதில்ல, ஓனரும் சொல்றதில்ல, மேலேருந்து கம்ப்யூட்டர்ல வருதுன்னு எனக்குப் பின்னாடி வந்த பையன் சொன்னான்.

அந்த லப்பர் பந்து எதுல இருக்குன்னு காவேரி பாப்பா சொல்லும்மா, ஞாயித்துக்கிழமை பேத்தி லீவுல இருக்கும், பாத்துட்டு எழுதுறேன்.